பத்து மணிப் பூட்டு

ஆரம்பாக்கம் தாண்டி, செக்போஸ்டுக்கு முன்னால்
அறுபத்து நான்கு அறைகள். எல்லாம் ஷட்டர்.
மாத வாடகைக்கு யாரும் எதையும் வைக்கலாம்,
பலகையில் எழுதியிருப்பவை தவிர:
பெட்ரோல், பட்டாசு, சிலிண்டர், அரிசி மூட்டை, உயிருள்ளவை.

கடைசிச் சொல் நாய்க்குட்டிக்கும் கோழிக்கும் என்றுதான்
நினைத்திருந்தேன்.

இரவுச் சுற்றுக்கு ஒரு நோட்டு.
அறை எண், நேரம், ஈரம், எலி, வாடை, சத்தம்.
பழவேற்காட்டுக் காற்றில் தாளே நமுத்துப்போகும்.
ஷட்டர் அடியில் துரு நகச்சுத்தி மாதிரி வீங்கும்.
ஐப்பசி பிறந்தால் பாதி அறைக்கு "ஈரம்" என்றே எழுதுவேன்.
முதலாளி படித்ததில்லை.

முப்பத்தெட்டில் வாடை.
செத்த எலி என்று நினைத்தேன்.
பிறகு குந்தினேன். முட்டிக்குக் கீழே அதிகம்.
காஸ் மேலே போகாது,
கொட்டிய தண்ணீர் போலத் தரையோடு படுத்து
பள்ளம் பார்த்துப் போய் உட்காரும்.
பயிற்சி கொடுக்க வந்தவர் இதைச் சொன்னபோது
நான் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன்.
எப்படியோ காதில் விழுந்திருக்கிறது.

ஆள் நடந்தால் எரிகிற விளக்குகள் எங்களுடையவை.
அவை அணைந்து மறுபடி எரிவதற்குள்
கேட்டுக்குப் போய் மெயினை இறக்கினேன்.
போனை அங்கேயே வைத்தேன். டார்ச்சையும்.
கண்ணாடி வளையலைக் கழற்றியது எதற்கென்று
இன்னும் தெரியவில்லை.

உறையைக் கிழித்து மாற்றுச் சாவி.
பூட்டில் தண்ணீர் ஊற்றி, இரண்டு காடியிலும் ஊற்றி,
ஜாண் ஜாணாகத் தூக்கினேன் ஷட்டரை,
இரும்பும் இரும்பும் பேசிக்கொள்ளாதபடி.

இருட்டில் கைதான் பார்த்தது.
அட்டைப்பெட்டி. அட்டைப்பெட்டி. மடக்கு மேசை.
ஒப்பந்தத்தில் வீட்டுச் சாமான், பதினான்கு உருப்படி.
பதினைந்தாவது, பாய்.
தலையணை, நடுவில் பள்ளம்.
கழுவாத தட்டின் ஓரத்தில் காய்ந்த பப்பு.
பல் துலக்கும் பிரஷ், இன்னும் ஈரம்.
அப்புறம் அது: ஐந்து கிலோ சிலிண்டர்,
தலையிலேயே அடுப்பு திருகியது, குமிழ் பாதி திறந்து.

மூடினேன். இடுப்பில் ஏற்றினேன், பிள்ளை மாதிரி.
லாரி நிற்கும் இடமெல்லாம் தாண்டி மழையில் இறக்கிவிட்டு
"இங்கேயே இரு" என்றேன் அதனிடம்.

ஆறரைக்குத் தடா பக்கமிருந்து கம்பெனி வேன்.
இறங்கினான். மஸ்தானய்யா, சூளூர்பேட்டை.
சிலிண்டரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
"ரூமுக்கு அட்வான்ஸ் முப்பதாயிரம் கேக்குறாங்க அக்கா."
நான் கேட்க நினைத்தது அதை அல்ல.
"போன வாரம் என்ன ஷிப்ட்?"
"பகல், அக்கா."

பகல்.
அப்படியென்றால் இரவுக்கு இங்கே.
பத்து மணிக்கு நடைக் கிராதியை இழுத்து,
சங்கிலி சுற்றி, பூட்டி, பூட்டை ஆட்டிப் பார்த்து,
சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு
நான் கேட் அறைக்குப் போன ஏழு இரவும்
உள்ளே ஒருவன் அடுப்பைப் பற்றவைத்திருக்கிறான்.
"நீங்க பூட்டுற சத்தம் கேட்டாத்தான் அக்கா தூக்கம் வரும்,"
என்றான், பாராட்டுவது போல.

ஏழு நாளுக்கும் நோட்டைப் புரட்டினேன்.
வாடை இல்லை. சத்தம் இல்லை.
கீழே என் கையெழுத்து, க. தேசராணி,
ஒரு அடித்தல்கூட இல்லாமல்.

நடந்ததை எழுதினேன். அறை காலியானது.
எங்கே போனான் என்று கேட்கவில்லை,
கேட்டிருக்கலாம்.

இப்போதெல்லாம் ஒன்பதரைக்கே ஆரம்பிக்கிறேன்.
ஒவ்வொரு ஷட்டரிலும் விரல் முட்டியால் இரண்டு தட்டு.
யாராச்சும் இருக்கீங்களா? எவரைனா உன்னாரா?
பீரோவும் பிரிட்ஜும் பேசாமல் நிற்கின்றன.
காது வைத்து, கொஞ்சம் நின்று, அடுத்தது.
நோட்டில் ஸ்கேல் வைத்துப் புதுக் கோடு போட்டிருக்கிறேன்,
மேலே "ஆள்" என்று எழுதி.

"ஒரு பூட்டுக்கு எதுக்கும்மா அரை மணி நேரம்?"
என்று போனில் கேட்டார் முதலாளி.
"துரு, சார்," என்றேன்.
"சாவி லேசில் திரும்ப மாட்டேங்குது."